முதலில் எழுது, பிறகு பார்: அறிவியல் வகுப்பில் கணிப்பு விளையாட்டு தொடங்குவோருக்கு

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். செய்முறையைக் காட்டுவதற்கு முன்னால் "என்ன நடக்கும்?" என்று பிள்ளைகளை எழுதவைத்து, அந்தக் கணிப்புக்குப் புளியங்கொட்டை வைத்து ஆடும் விளையாட்டு எங்கள் வகுப்பில் மூன்றாவது ஆண்டாக நடக்கிறது. முதலாண்டு தட்டுத் தடுமாறித்தான் ஓடியது. நடுவில் இரண்டு மாதம் நின்றேபோனது. அறிவியல் முறை சரியாகத்தான் இருந்தது; நான் அனுமதி வாங்கிய விதமும் மதிப்பெண் போட்ட விதமும் கேள்வி கேட்ட விதமும்தான் தவறு. டெல்டாப் பள்ளிகளில் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் அதே குழியில் விழ வேண்டாம் என்பதற்காக, நான் இப்போது கடைப்பிடிக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. காகித வேலையை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

முதலாண்டு ஜூலையில் ஒரு மாணவன் வீட்டுக்குப் போய், "இன்றைக்குப் பந்தயத்தில் பதினைந்து தோற்றுவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை வழிபாடு முடிவதற்குள் அவன் தந்தை பள்ளி வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்தில் சூதாட்டமா என்று அவர் கேட்டதில் தவறே இல்லை. எழுத்தில் காட்ட என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. விளையாட்டு அன்றோடு நின்றது. மறுபடி தொடங்கக் காலாண்டுத் தேர்வு முடிய வேண்டியிருந்தது.

ஆகவே மூன்று காகிதங்கள் வேண்டும்.

முதலாவது, தலைமையாசிரியருக்கு ஒரு பக்க விண்ணப்பம். எந்த வகுப்பு, வாரத்தில் எந்தப் பாடவேளை, எந்தப் பாடங்கள், என்னென்ன பொருள்கள் என்று எழுதுங்கள். "காசோ, பரிசுப் பொருளோ, தின்பண்டமோ கைமாறாது" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். தலைப்பில் 'கணிப்பு முறைச் செய்முறை வகுப்பு' என்று போடுங்கள். கையொப்பமும் தேதியும் உள்ள நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் தயங்கினால் ஒரு செய்தி உதவும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் எரிக் மசூரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். செய்முறையை வெறுமனே பார்த்தவர்களின் புரிதல், அதைப் பார்க்காதவர்களின் புரிதலைவிடப் பெரிதாக உயரவில்லை. பார்ப்பதற்கு முன் கணித்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். என் விண்ணப்பத்தில் இதை இரண்டு வரியில் சேர்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பாடக்குறிப்பேடு. கணிப்புக் கேள்வியை அந்தப் பாடத்தின் கற்றல் விளைவுக்கு நேராக எழுதிவிடுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர் பார்ப்பது இதைத்தான். மேசைமேல் புளியங்கொட்டையைப் பார்த்து அவர் கேள்வி கேட்கும்போது குறிப்பேடு பதில் சொல்லும்.

மூன்றாவது, பெற்றோருக்கு ஐந்து வரிச் செய்தி. அதைப் பிள்ளைகளே பார்த்து எழுதி, வீட்டில் கையொப்பம் வாங்கி வரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அந்த மாதத்தில் இருந்தால் ஒரு செய்முறையை அங்கேயே செய்து காட்டிவிடுங்கள். என்னிடம் சண்டைக்கு வந்த தந்தை இரண்டாம் ஆண்டுக் கூட்டத்தில் முட்டை மிதக்குமா என்ற கேள்விக்குக் கணிப்பு எழுதிக் கொடுத்தார்.

'பந்தயம்', 'பெட்', 'ஜெயித்தான்' போன்ற சொற்களை வகுப்பிலிருந்து அடியோடு நீக்குங்கள். 'கணிப்பு', 'நம்பிக்கை அளவு', 'கையிருப்பு' என்ற சொற்களையே பழக்குங்கள்.

இவற்றை ஜூன் முதல் இரண்டு வாரங்களுக்குள் முடித்தால்தான் ஆற்றுநீர்க் கணிப்பைப் பிடிக்க முடியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. முதல் கேள்வி வீட்டில் உள்ளதாக இருக்கட்டும்

என் பரிந்துரை, விதை நெல்லும் முட்டையும். டெல்டாவில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்நியமில்லாத செய்முறை இது. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு கரைத்து, முட்டை மிதக்கிறதா என்று பார்த்து, அதில் விதை நெல்லைக் கொட்டிப் பதரைப் பிரிப்பது நம் விவசாயிகளின் வழக்கம். வகுப்புக்கு ஒரு லிட்டரும் 150 கிராம் கல் உப்பும் போதும். வாய் அகன்ற, உள்ளே தெரியும் பாட்டில் வேண்டும்.

மூன்று கணிப்புகளாக நடத்துங்கள். வெறும் தண்ணீரில் முட்டை என்ன ஆகும்? உப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கரைத்தால் எத்தனையாவது கரண்டியில் முட்டை தரையை விட்டு எழும்? அதே உப்புநீரில் ஒரு பிடி நெல்லைப் போட்டால் எவ்வளவு மிதக்கும்: கால் பங்கா, பாதியா, அதற்கு மேலா?

இரண்டாவது கேள்வியில்தான் வகுப்பு அசையாமல் உட்காரும். ஐந்தாவது கரண்டி வரை முட்டை அடியிலேயே கிடக்கும். "எழவே எழாது" என்று எழுதிய குழுவின் முகம் மலரத் தொடங்கும். பிறகு முட்டையின் ஒரு முனை மட்டும் மெல்லத் தூக்கும், ஏதோ தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோல. அப்போது நிறுத்திவிட்டு, "இன்னும் எத்தனை கரண்டி?" என்று மறுபடி எழுதச் சொல்லுங்கள். அடர்த்தி என்ற சொல்லை அதுவரை உச்சரிக்கவே வேண்டாம். அதன்பின் நீங்கள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கும்.

எச்சரிக்கை: முட்டை புதியதாக இருக்க வேண்டும். என் முதல் வகுப்பில் வீட்டில் நாள்பட்டுக் கிடந்த முட்டையை எடுத்துப்போனேன். உப்பு போடுவதற்கு முன்பே வெறும் தண்ணீரில் மிதந்தது. முட்டை பழையதாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகும் என்று அன்று விளக்க நேர்ந்தது. திட்டமிட்ட பாடம் போனது.

மூழ்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஈரச் சாக்கில் கட்டிவையுங்கள். மிதந்ததைத் தனியாகக் கட்டுங்கள். எதில் எத்தனை முளைக்கும் என்பது அடுத்த வாரத்துக்கான கணிப்பு. அலசாமல் விட்டால் உப்பே முளைப்பைக் கெடுத்துவிடும், கணிப்பும் பாழாகும்.

3. கொட்டைக் கணக்கைச் சரியாக அமையுங்கள்

இதில்தான் நான் அதிகம் தவறினேன், ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

முதலில் "எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், சரியானால் இரட்டிப்பு" என்று விதி வைத்திருந்தேன். மூன்றே வாரத்தில் கொட்டையெல்லாம் இரண்டு குழுக்களிடம் போய்ச் சேர்ந்தது. மற்ற பிள்ளைகள் ஆர்வம் இழந்து உட்கார்ந்திருந்தார்கள். குழப்பம் விதியில்தான் இருந்தது. அரைகுறையாகத் தெரிந்தவனும் எல்லாவற்றையும் வைப்பதே லாபம் என்ற விதி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் குழந்தைக்கு இடம் கொடுப்பதில்லை.

இப்போது மூன்று நிலைகள்தான். 'சந்தேகம்' என்று எழுதினால் சரியானாலும் தவறானாலும் கொட்டை கிடையாது. 'நம்பிக்கை' என்று எழுதினால் சரிக்கு 4 கிடைக்கும், தவறுக்கு 6 போகும். 'உறுதி' என்று எழுதினால் சரிக்கு 6 கிடைக்கும், தவறுக்கு 14 போகும்.

இந்த எண்களை மாற்றாதீர்கள். ஒரு குழு இதுபோன்ற பத்துக் கேள்விகளில் ஏழில் சரியாக இருக்கும் என்று வையுங்கள். 'நம்பிக்கை' என்றே எழுதிவந்தால் 28 வரும், 18 போகும், 10 மிஞ்சும். வீம்புக்கு 'உறுதி' என்று எழுதிவந்தால் 42 வரும், 42 போகும், ஒன்றும் மிஞ்சாது. பத்தில் ஒன்பது சரி என்ற குழுவுக்கோ 'உறுதி'யில் 40 மிஞ்சும், 'நம்பிக்கை'யில் 30தான். தன் அறிவின் அளவை உள்ளபடி சொல்பவருக்கே இந்தக் கணக்கு லாபம் தரும். பிள்ளைகளுக்கு ஒரே வாசகத்தில் சொல்லிவிடலாம்: "இதேபோல் பத்துத் தடவை கேட்டால் எத்தனை தடவை சரியாகச் சொல்வாய்? ஆறுக்குக் கீழே என்றால் சந்தேகம், ஆறிலிருந்து எட்டு வரை நம்பிக்கை, எட்டைத் தாண்டினால் உறுதி."

நாற்பது பேர் வகுப்பென்றால் நால்வர் கொண்ட பத்துக் குழுக்கள். குழுவுக்கு 50 கொட்டை. 'வங்கி'க்கு 200 சேர்த்து மொத்தம் 700. வங்கிப் பொறுப்பை வாரம் ஒருவருக்கு மாற்றுங்கள். கணக்கில் பின்தங்கிய மாணவி ஒருத்தி அந்தப் பொறுப்பு வந்த வாரத்தில் கழித்தல் கணக்கைத் தானாகப் பழகிக்கொண்டதைப் பார்த்தேன். கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்து டப்பாவில் மூடிவையுங்கள். இல்லையென்றால் வண்டு துளைத்துவிடும். மாதம் பிறந்தால் எல்லாக் குழுக்களையும் மறுபடி 50க்குக் கொண்டுவந்துவிடுங்கள். தோற்றவர்களுக்கு அது பெரிய மூச்சு.

4. நாற்பது நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கேள்வியை விளக்க 5 நிமிடம். தனித்தனியாகப் பேசாமல் எழுத 3. குழுவில் விவாதித்து ஒரு கணிப்பும் நம்பிக்கை நிலையும் முடிவுசெய்ய 8. பலகையில் குறிக்க 2. செய்முறைக்கு 10. விளக்கத்துக்கு 12.

தனியாக எழுதும் அந்த மூன்று நிமிடத்தைக் காப்பாற்றுங்கள். கைதூக்கச் சொன்னால் முதல் பெஞ்சுப் பிள்ளை தூக்கும் பக்கமே வகுப்பு முழுதும் தூக்கும். பேனாவால் எழுத வேண்டும், அடிக்கலாம், அழிக்கக் கூடாது. 'ஏனென்றால்' என்று தொடங்கும் ஒரு வரி கட்டாயம். காரணம் எழுதாத கணிப்பை நான் ஏற்பதில்லை.

செய்முறை முடிந்ததும் தவறிய குழுவின் காரணத்தை முதலில் படியுங்கள். அதில் நியாயம் இருக்கும். ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்தால் சீக்கிரம் உருகும் என்று எங்கள் வகுப்பில் பெரும்பாலானோர் எழுதினார்கள். "உமி சூடு, நெல் அவிக்க அதைத்தான் எரிக்கிறார்கள்" என்பது காரணம். அரைமணி கழித்து உமிக்குள் இருந்த கட்டி பெரிதாகவும் திறந்து வைத்தது சிறிதாகவும் இருந்தபோது, அந்தக் காரணத்தை வைத்துத்தான் வெப்பம் தருவதையும் வெப்பம் கடப்பதைத் தடுப்பதையும் பிரித்துக் காட்ட முடிந்தது. இந்தச் செய்முறைக்கு நேரம் அதிகம் ஆகும். பாடவேளை தொடங்கியதுமே கட்டியைப் புதைத்துவிட்டு நடுவில் வேறு கணிப்பை நடத்துங்கள். கட்டியை மெல்லிய பையில் போட்டுப் புதைத்தால் உருகிய நீரை அளக்கலாம்.

5. எந்தக் கேள்வியையும் முதல்நாள் செய்து பார்க்காமல் கேட்காதீர்கள்

எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்த கைப்பேசிக்கு அழைப்பு வருமா என்பது தொழில்நுட்பப் பாடத்துக்கு அருமையான கேள்வி. ஆனால் டப்பா மூடியின் இடுக்கும் கோபுரத்தின் தூரமும் விடையை மாற்றிவிடும். எங்கள் ஊரில் டப்பாவுக்குள் மணி அடித்தது. அலுமினியத் தாளில் இடைவெளி இல்லாமல் சுற்றியபோது அடிக்கவில்லை. உங்கள் வகுப்பறையில் என்ன நடக்கிறதென்று நீங்கள்தான் பார்த்துவைக்க வேண்டும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை தவறவே தவறாது. அடியில் கனம் குவிந்த உருண்டை வடிவப் பொம்மையைச் சாய்த்தால் எழுந்து நிற்கும். அதன் தலையில் சிறு சிறு களிமண் உருண்டைகளாக ஒட்டிக்கொண்டே போனால் எத்தனையாவது உருண்டையில் எழ மறுக்கும் என்று கேளுங்கள். ஈர்ப்பு மையம் மேலே ஏறுவதைக் கையால் தொட்டு அறிவார்கள்.

வீட்டு மின்சாரம் சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம். டார்ச் பல்பும் மின்கலமும் போதும்.

6. நாள்கணக்கில் ஓடும் கணிப்புகள்

டெல்டாவில் இருப்பவருக்கு வேறெங்கும் கிடைக்காத கணிப்பு, ஆற்றுநீர். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2021இலும் 2023இலும் அன்றே திறந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் கல்லணை ஜூன் 16 அன்று திறந்தது. 2024இல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28 அன்றுதான். கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து உங்கள் ஊர் வாய்க்காலுக்கு நீர் என்றைக்கு வரும்? கடைமடை என்றால் இன்னும் எத்தனை நாள்?

முதலாண்டு இந்தக் கேள்வியை இப்படியே கேட்டு அரைமணி நேரச் சண்டையில் மாட்டிக்கொண்டேன். கணுக்கால் அளவு ஓடியதை ஒரு குழு 'வந்துவிட்டது' என்றது. இன்னொரு குழு ஒப்பவில்லை. எந்த மதகு, எந்தப் படிக்கல்லைத் தொட்டால் வந்ததாகக் கணக்கு, யார் சொல்வதை ஏற்பது என்ற மூன்றையும் கணிப்புக்கு முன்பே பலகையில் எழுதிவிடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரின் சொல்லே சாட்சி. எந்தப் பிள்ளையும் தண்ணீர் பார்க்க ஆற்றங்கரைக்குத் தனியே போகக் கூடாது என்பதைப் பெற்றோர் செய்தியிலேயே எழுதுங்கள். புதுநீர் இழுக்கும் வேகம் பெரியவர்களுக்கே பிடிபடாது.

அந்த ஆண்டு எல்லாக் குழுக்களும் கல்லணை திறந்து இரண்டு மூன்று நாள் என்று எழுதியபோது, தேர்வில் பத்து மதிப்பெண் தாண்டாத ஒரு மாணவன் எட்டு நாள் என்றான். மேலே முறை வைத்து விடுவார்கள், நம் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, தலைப்பில் இன்னும் தூர்வாரவில்லை என்று மூன்று காரணம் எழுதியிருந்தான். எட்டாம் நாள் மாலை நீர் வந்தது. மறுநாள் அவன் குழுவில் சேர நால்வர் என்னிடம் அனுமதி கேட்டார்கள்.

எட்டாம் வகுப்பென்றால் கணக்கையும் சேருங்கள். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வரத்தைவிடத் திறப்பு 10,000 கன அடி அதிகமானால் ஒரு வாரத்தில் ஏறக்குறைய 6 டி.எம்.சி. குறையும். செய்தித்தாளில் தினமும் வரும் நீர்மட்டத்தை ஒட்டிவைத்து அடுத்த வாரத்தைக் கணிக்கச் சொல்லலாம்.

இரண்டாவது, நிழல். ஜூன் 21 ஒட்டிய நாளில், முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நண்பகல் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேளுங்கள். தஞ்சை வட்டாரத்தில் அது தெற்கே, சுமார் 22 சென்டிமீட்டர் விழும். சூரியன் அப்போது நமக்கு வடக்கே இருக்கிறது. டிசம்பர் 21 ஒட்டி வடக்கே சுமார் 68 சென்டிமீட்டர். ஆகஸ்ட் 24 ஒட்டி நிழலே குச்சிக்கடியில் ஒடுங்கிவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் அது நிகழும், ஆனால் அப்போது தேர்வு நேரம். கடிகாரத்தில் 12 மணிக்கு அளக்காதீர்கள். நம் ஊர் நண்பகல் ஆகஸ்டில் 12.15ஐ ஒட்டி வரும். மேகம் மூடலாம், ஆகவே மூன்று நாள் ஒதுக்குங்கள்.

பெரிய கோவில் விமான நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். கேலி செய்யாதீர்கள். குச்சிக் கணக்கை முடித்தபின், டிசம்பர் நண்பகலில் 216 அடி விமானத்தின் நிழல் எங்கே விழும் என்று கணிக்கவிடுங்கள். வடபுறத் தரையில் அது விழுவதைச் சுற்றுலாவில் அவர்களே காணட்டும். சுற்றுலாவுக்குத் தனி அனுமதியும் தனிச் சம்மதக் கடிதமும் வேண்டும்; ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

மூன்றாவது, மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாட்டில் மழைமானியில் காலை 8.30க்கு அளந்து, மறுநாள் மழையைக் கணிக்கலாம். புயலை மட்டும் விளையாட்டாக்காதீர்கள். ஒரு நவம்பரில், புயல் எங்கே கரை கடக்கும் என்று எழுதச் சொன்னேன். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு மாணவி தாளைத் தொடவே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் அவள் வீட்டுக் கூரையும் தென்னந்தோப்பும் போயிருந்தன. அதன்பிறகு புயல் பாடத்தில் கொட்டைப் பெட்டியைத் திறப்பதில்லை. வரைபடத்தை மட்டும் சேர்ந்து பார்க்கிறோம்.

7. செலவு

ஓர் ஆண்டுக்கு எனக்கு அறுநூறு ரூபாயைத் தாண்டவில்லை. பொம்மைக்கு 150, பாட்டில்களுக்கும் அலுமினியத் தாளுக்கும் 200, டார்ச் பல்பு, மின்கலம், கம்பிக்கு 150. உப்பு, முட்டை, ஐஸ் எல்லாம் சில்லறைச் செலவு. கொட்டையும் உமியும் நெல்லும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வரும். பள்ளி மானியத்தில் எடுப்பதாயிருந்தால் வாங்குவதற்கு முன்பே அனுமதி பெறுங்கள். ரசீது தராத சிறு கடைகளில் தேதியிட்ட கைச்சீட்டு வாங்குங்கள். வாங்கியபின் கேட்டால் பணம் திரும்பாது, எனக்குத் திரும்பவில்லை. அரசுப் பள்ளி நடுநிலை வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற செய்முறை அறிவியல் திட்டம் இருக்கிறது. அதன் கருத்தாளர் வரும் நாளை முன்பே கேட்டுவைத்து, அவர் செய்யும் செய்முறைகளுக்கும் கணிப்பு எழுதவையுங்கள்.

8. ஏடு

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கேள்வி, தேதி, தீர்ப்பு விதி, எத்தனை குழு எதைக் கணித்தது, நடந்தது என்ன, தவறிய காரணங்களில் சிறந்த ஒன்று என்று ஒரு பக்கத்துக்கு ஒரு கணிப்பாக எழுதுங்கள். அன்றன்றே எழுதிவிட்டால் ஐந்து நிமிட வேலை. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினால் நினைவிருக்காது. அடுத்த ஜூனில் அனுமதி விண்ணப்பத்தோடு இந்த நோட்டையும் மேசைமேல் வையுங்கள். மூன்றாம் ஆண்டு எனக்குக் கையொப்பம் கிடைக்க இரண்டு நிமிடம்தான் ஆனது.